சிவாஜினி இரண்டாம் தரம் கென்யா போன கதை

பரிஸின் லா சப்பலில் றஜீவன் அண்ணையின் காய்கறிக் கடைக்குப் போஞ்சியும் வெண்டிக்காயும் கென்யாவிலிருந்து வரும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் நாட்டின் பெயர் பச்சை எழுத்தில் பெரிதாக இருக்கும். சிவாஜினி சின்னம்மா அந்தக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறார். அத்தனை வருடமும் அந்தப் பெட்டிகளை, பெயர் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பித்தான் அடுக்கினார். அது கை பழகிய பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் வீடு. வீட்டில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் மிருகங்கள் வரும் நிகழ்ச்சி எதையும் விடமாட்டார். சிங்கம் மானைத் துரத்தும்போது நாங்கள் எல்லோரும் மான் தப்புமா என்று பார்ப்போம். சின்னம்மா சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். முடிந்ததும், "இது இல்லை" என்று எழுந்து போவார். எது இல்லை என்று யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்கு ஆப்பிரிக்க மிருகங்கள் என்றால் உயிர் என்று மகன் கீர்த்தனன் முடிவு செய்துவிட்டான்.

அதனால்தான் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எடுத்த மண்டபத்தில், கேக் வெட்டி முடிந்ததும், கீர்த்தனன் மைக்கைப் பிடித்தான். முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். பிறகு தமிழுக்கு மாறினான்: "அம்மா, நீங்க போறீங்க! சஃபாரி! கென்யா!" நாலடி நீள அட்டையில் செய்த விமானச் சீட்டு ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். இருநூறு பேர் கைதட்டினார்கள். சின்னம்மா கதிரையைத் தேடி உட்கார்ந்தார். "சந்தோசத்தில தலை சுத்துது பாவம்" என்றார் பக்கத்து மேசை அன்ரி. வீடியோவில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. அது சந்தோஷமில்லை என்று இப்போது பார்த்தால் தெரிகிறது.

இரண்டு சீட்டு. ஒன்று சின்னம்மாவுக்கு, மற்றது இரத்தினம் சித்தப்பாவுக்கு. சித்தப்பா ஒரு உணவகத்தில் சமையல் வேலை. "சிங்கம் உறுமுறதைப் பாக்க நான் ஏன் பிளேன் ஏறோணும்? எனக்கு வேலையில தியரி ஷெஃப் இருக்கிறான்" என்று சொல்லித் தன் சீட்டை எனக்குத் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் ஊர் சுற்றி, கடைசியாகக் கென்யாவிலும் இருந்துவிட்டு நான் திரும்பியிருந்த நேரம் அது.

மறுநாள் சின்னம்மா என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நீ அங்கையெல்லாம் திரிஞ்சனி. எயார்போட்டில என்ன கேக்கிறவங்கள்?"

"எத்தினை நாள், எங்க தங்கப்போறீங்கள், முதல் தரமோ வாறீங்கள். அவ்வளவுதான், சின்னம்மா."

"முதல் தரமோ எண்டு கேப்பினமோ?"

கையிலிருந்த கத்தரிக்காயைத் தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு சொன்னார்.

1998இல் அவருக்கு இருபத்துமூன்று வயது. கொழும்பிலிருந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அவரை ஏற்றியது பரிஸுக்கு இல்லை, நைரோபிக்கு. உயரமான மதில் சுற்றிய மாடிவீடு ஒன்றில், இரண்டு அறைகளில், பதினாலு பேர். பரிஸுக்கு ஏற்றும் வரை ஏழு மாதம். யன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தது. பார்த்துக்கொள்ள இராஜதுரை என்று ஒரு ஆள். ஒவ்வொரு நாளும் விடியும் நேரம் வெளியே ஏதோ ஒன்று கத்தும். ஆளைக் கொல்லும்போது கத்துவதுபோல அகலமான, அசிங்கமான சத்தம். "கழுதைப்புலி. கேற்றைத் திறந்தீங்களோ, இழுத்துக்கொண்டு போயிடும்" என்று இராஜதுரை சொல்லியிருந்தான். பதினாலு பேரும் நம்பினார்கள். பூட்டே தேவைப்படவில்லை.

யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போட்டில் பரிஸுக்கு வந்து சேர்ந்தபோது, லா சப்பலில் ஒரு கடைக்கு மேலேயிருந்த அறையில் அகதி வழக்கு எழுதிக் கொடுத்தவர் சொன்னார்: "தங்கச்சி, கென்யாவை விடுங்கோ. ஏழு மாசம் அங்க இருந்தனீங்கள் எண்டா, ஏன் அங்கயே அகதியாப் பதியேல்லை எண்டு கேப்பாங்கள். கொழும்பு, மொஸ்கோ, பரிஸ். நான் எல்லாருக்கும் உப்பிடித்தான் எழுதுறனான்." சின்னம்மா கையெழுத்து வைத்தார். விசாரணையில் அதையே சொன்னார். பத்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கு மனுப் போட்டபோதும் அதையே எழுதினார். பிரெஞ்சு அரசாங்கத்தின் கணக்கில் சிவாஜினி கென்யாவில் கால் வைத்ததே இல்லை.

"கென்யாக்காரங்கட கொம்பியூட்டரில நான் இருந்தா? இஞ்சை அறிவிச்சா? நசனலிற்றியைப் பறிச்சுப்போடுவாங்கள், பிள்ளை."

"இருபத்தேழு வருசம், சின்னம்மா. அதோட நீங்கள் போனது வேற பேரில."

"முகம் என்ரைதானே?"

"அப்ப போக வேண்டாம். கீர்த்தனனிட்டைச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல? அவனுக்கு ஒண்டும் தெரியாது. உங்கட அம்மா பொய் சொல்லித்தான் பேப்பர் எடுத்தவ எண்டோ?"

கடைசியில் முடிவு இதுதான்: கேட்டால் 'முதல் தரம்' என்று சொல்வது. ஒரே ஒரு ஆங்கிலச் சொல், 'யெஸ்'. பயணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அதைப் பயிற்சி செய்தோம். நான் அதிகாரி, அவர் பயணி. இடையில் வெண்டிக்காய் வாங்க வந்த ஒரு ஐயா, "என்ன பிள்ளையள், நாடகமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அங்கே பொலித்தீன் பைக்குத் தடை என்று நான் சொன்னதால், சொப்பின் பையில் சுற்றிப் பழகிய வடைகளையும் மிளகாய்த்தூளையும் நியூஸ்பேப்பரில் சுற்றினார். சட்டத்தை மீறாமல் உள்ளே போக அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நைரோபியில் இறங்கியபோது காலை ஏழு மணி. வரிசை நீளம். சின்னம்மா முன்னால் நின்றவரின் முதுகுப் பையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். எங்கள் முறை வந்தது. சிறு சிறு பின்னல்களாகத் தலைமுடியைக் கட்டியிருந்த ஒரு இளம்பெண் அதிகாரி. இரண்டு பாஸ்போட்டையும் வாங்கினாள். கண்ணாடித் தட்டில் விரல் வைக்கச் சொன்னாள். சின்னம்மாவின் விரல் ஈரமாக இருந்ததால் முதலில் பதியவில்லை. சேலைத் தலைப்பைத் தேடி, தான் கால்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து, என் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"முதல் தடவையா?" அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் 'யெஸ்' சொல்ல வாயைத் திறந்தேன்.

"நோ" என்றார் சின்னம்மா. "செகண்ட் டைம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முன்பு எப்போது வந்தீர்கள்?"

"நைன்ட்டி எய்ட்."

திருப்பி அனுப்பினால் அடுத்த விமானம் எத்தனை மணிக்கு, கீர்த்தனனுக்கு என்ன சொல்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி சின்னம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நான் அப்போது பிறக்கவே இல்லை! இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, அம்மா? எங்களை மறந்துவிட்டீர்களா?" முத்திரை விழுந்தது. பாஸ்போட்டை நீட்டியபடி, "கரிபு தேனா" என்றாள்.

பெட்டிகள் வரும் இடத்தில் சின்னம்மா தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்னவாம் சொன்னவள்?"

"மறுபடியும் நல்வரவு எண்டு."

"மறுபடியுமோ?"

"ஓம். ஏன் சின்னம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? எனக்கு உயிர் போட்டுது!"

"வாயில வரேல்லை, பிள்ளை. இருபத்தேழு வருசம் ஒரே பொய், வாய் களைச்சுப் போச்சு." பையைத் திறந்தார். "பசிக்குது. வடை எடு." எண்ணெய் ஊறிய நியூஸ்பேப்பரைப் பிரித்து, உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து வடை சாப்பிட்டார். விமானத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர்.

விமான நிலையத்திலிருந்து நேரே மாசாய் மாரா சரணாலயத்துக்குப் போனோம். மேல்மூடி திறக்கும் வண்டி, ஓட்டுநர் பெயர் கிப்கோரிர். எல்லோரும் கேட்பதுபோல முதலில் எதைப் பார்க்க ஆசை, சிங்கமா, யானையா என்று கேட்டார். "கழுதைப்புலி எண்டு சொல்லு" என்றார் சின்னம்மா. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை என்று கிப்கோரிர் சிரித்தார். ஆனால் தேடிப் பிடித்துக் காட்டினார். சேற்றுக் குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள் ஒன்றின் காதை மற்றது கடித்துக்கொண்டிருந்தன. மாலையில் அவை கூவின. கீழிருந்து மேலே எழும்பும் குரல். சின்னம்மா கண்ணை மூடிக் கேட்டார். "இது இல்லை" என்றார்.

மறுநாள் ஒரு மாசாய்க் கிராமத்துக்குப் போனோம். நீளமாகத் தொங்கும் காதில் மணிகள் கோர்த்த ஒரு பெண், தான் கட்டிய வீட்டைக் காட்டினாள். சாணமும் மண்ணும் பூசிய, குனிந்து போகவேண்டிய வீடு. வீடு கட்டுவது எங்களில் பெண்களின் வேலை என்றாள். நான் மொழிபெயர்த்ததும் சின்னம்மா, "அப்ப திறப்பு ஆரிட்டை?" என்று கேட்டார். கதவுக்குப் பூட்டே இல்லை என்று பதில் வந்தது. இரண்டு பேரும் எதற்கோ வெகுநேரம் சிரித்தார்கள். சின்னம்மா அவளிடம் இரண்டு மணிமாலை வாங்கினார். மீதியிருந்த வடையைக் கொடுத்தார். அவள் ஒன்றைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண்ணீர் வர, இன்னொன்று கேட்டாள்.

கடைசி நாள் நைரோபியில், தோட்டம் உள்ள ஒரு விடுதியில் தங்கினோம். விடியும் நேரம் அந்தச் சத்தம் வந்தது. நான் எழும்புவதற்குள் சின்னம்மா வெறுங்காலோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் ஓடினேன்.

புல்தரையில் சாம்பல் நிறப் பறவைகள் மூன்று நடந்துகொண்டிருந்தன. கோழியைவிடக் கொஞ்சம் பெரிது. வளைந்த நீள மூக்கால் மண்ணைக் கிளறிப் புழு எடுத்தன. ஒன்று தலையை நிமிர்த்திக் கத்தியது. அதே அகலமான, அசிங்கமான சத்தம். மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

"உதோ?" என்றார் சின்னம்மா. "உந்தக் கொக்குக்கோ ஏழு மாசம்?"

புல்லில் உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலாளி வந்து பார்த்துவிட்டு, பறவையைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவரை முதல்முறை காண்பதுபோல நின்றார். "இராஜதுரை, நாசமாப் போவானே" என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதில் கோபம் பெரிதாக இல்லை. கைபேசியை எடுக்கச் சொன்னார். பறவையோடு நின்று படம் எடுத்து, கீழே இப்படி எழுதிக் கீர்த்தனனுக்கு அனுப்பச் சொன்னார்: 'வந்து ஒரு கதை சொல்லுறன். கோவிக்கக் கூடாது.'

அவன் கோபிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப டிவியில நீங்க தேடினது கொக்கையா?" என்று மட்டும் கேட்டானாம்.

போன வியாழக்கிழமை கடைக்குப் போனேன். போஞ்சி வந்திருந்தது. பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன, பச்சை எழுத்து தெருவைப் பார்த்தபடி. காய்கறி வாங்க வந்த, புதுச்சேரிக்காரரான எமில் ஐயா கண்ணாடியை உயர்த்தி அதை வாசித்தார்.

"கென்யாவா? அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?"

"ஓம் ஐயா, நல்ல போஞ்சி" என்றார் சின்னம்மா, தராசில் பையை வைத்தபடி. "நான் ரெண்டு தரம் போயிருக்கிறன்."