திரைக்கு வைத்த சந்தனப் பொட்டு

கம்பியூட்டரில் எழுதியதெல்லாம் அந்தக் கண்ணாடித் திரைக்குள்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல, பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில். ரேடியோப் பெட்டிக்குள் ஆள் உட்கார்ந்து பேசுகிறார் என்று நினைத்தவர்களைப் பார்த்து இன்றுவரை நான் சிரிப்பதில்லை.

பேராதனையில் அப்போது எங்கள் எல்லோருக்குமாக ஓர் அறையில் சில கம்பியூட்டர்கள் இருந்தன. யார் வேண்டுமானாலும் எதிலும் உட்காரலாம். அதனால் எழுதியதை ப்ளொப்பி டிஸ்க்கில் பதிந்து கையோடு கொண்டுபோவதுதான் வழக்கம். நான் அதெல்லாம் செய்யவில்லை. வத்தேகம பஸ்ஸில் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துப் பழகியவன். அதே புத்தியில் ஜன்னலோரக் கம்பியூட்டரைப் பிடித்துக்கொண்டேன். ஆயுத பூசைக்கு அப்பா கடைத் தராசுக்குப் பொட்டு வைப்பார். நானும் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். பக்திக்குப் பக்தி, அடையாளத்துக்கு அடையாளம். கண்டி நடைபாதை வியாபாரிகளைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை அந்தப் பொட்டின் காவலில் வளர்ந்தது.

விடுமுறையில் அறைக்கு வெள்ளையடித்தார்கள். திரும்பி வந்தபோது மேசைகள் இடம் மாறியிருந்தன. நான் அசரவில்லை. பொட்டைத் தேடினேன், நடு வரிசையில் இருந்தது. உட்கார்ந்து தேடினால் கட்டுரையைக் காணவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடுதான் என்று விரிவுரையாளர் சேர் சொல்லியிருந்தார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது, மடவளையிலிருந்து வரும் என் வகுப்பு நண்பன். அவனும் அதே வியாபாரிகளைப் பற்றித்தான் எழுதினான், முடித்தும் விட்டான். கன்டீனில் போய்ப் பிடித்தேன்.

"மச்சான், என் ஃபைல் எங்க?"

"எந்த ஃபைல்?"

"நடிக்காத. உனக்கு முடிஞ்சிருச்சு, எனக்குக் காணாமப் போயிருச்சு. எப்படி?"

"நீ ப்ளொப்பில எடுத்து வெக்கல்லயா?"

"பொட்டு வச்சிருந்தேன்."

அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். குற்றவாளி தப்பி ஓடுகிறான் என்று நான் முடிவுகட்டினேன். அந்தத் திருப்தியோடு, இரண்டு விரலால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினேன்.

மறுநாள் பின்னேரம் மூன்றாம் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, என் முன்னால் ஒரு ப்ளொப்பி வந்து விழுந்தது.

"இந்தா, ஒன்ட கட்டுரை. கதவோரத்து மெஷின்ல ஈந்திச்சு. வெள்ளையடிக்கக் கழட்டினவங்க திரைய மாத்திப் பூட்டீக்கிறாங்க. ஃபைல் ஈக்கிறது கீழ பெட்டியில. பொட்டுல இல்ல."

ஒவ்வொரு கம்பியூட்டராகத் திறந்து தேடியிருக்கிறான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடவளை பஸ்ஸைப் பிடிக்க அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பின்னாலேயே ஓடினேன்.

"கோவிச்சுக்காத மச்சான். நீ திருடிட்டேன்னு நெனச்சது என் மடத்தனம்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாசிச்சுப் பாத்தன். திருட ஒண்டுமில்ல."