பூசைக்கு வந்த மீன்கூடை

ஒரு கோயில் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பாட்டு எடுக்கும்போது வாசலில் நின்று காது கொடுத்தால் போதும். போன மாதம் எங்கள் கோயில் இளைஞர்கள் கூட்டம் போட்டு, சபை வளர என்ன செய்யலாம் என்று எல்லாரையும் கேட்டார்கள். ஏசி வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு ஒரு மீன்கூடைதான் நினைவுக்கு வந்தது.

சாந்தோம் கடலோரத்தில் எங்கள் குப்பத்துக் கோயில் அப்போது ஓலை வேய்ந்த கூடம்தான். பாய் விரித்து உட்காருவோம். என் அம்மா மீன் விற்பவள். விடியலில் கரையில் ஏலம் எடுத்துவிட்டு, கூடையை வெளியே வைத்து, நேராகப் பூசைக்கு வந்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை வைக்கும் சாமியாருக்குத் துணையாக இருந்த உபதேசியாரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிச்சிட்டு வரக்கூடாதாம்மா? இல்லன்னா வாசப்படியாண்ட உக்காரு" என்றார். எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவர் அவர்தான். அவருடைய கஞ்சி போட்ட புடவையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை.

என் அம்மா சும்மா இருப்பவளா? "ஏசுசாமி கூட சுத்துனவங்கோ இன்னா, அத்தர் பூசிக்கினா சுத்துனாங்கோ? அவங்களும் மீன் புடிச்சவங்கதானே!" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதோடு கோயில் பக்கம் திரும்பவில்லை. அவளோடு மற்ற மீன்காரப் பெண்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் வாசனையாக, அமைதியாக ஆனது. பாட்டுத்தான் செத்துப்போனது. தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி மீன் கூவும் தொண்டைகள் இல்லாமல், சாமியார் எடுத்த பாட்டு அவரிடமே திரும்பி வந்தது.

எனக்கு அந்தக் கவலை இல்லை. என் புதுநன்மை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளையின் பின்னால் தாய் நின்று தோளில் கை வைக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். நான் அழுது பார்த்தேன். அம்மா மசியவில்லை.

அந்தக் காலையில் வெள்ளைக் கவுன் போட்டு, பூமுடி வைத்து, வரிசையில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் ஆள் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. ஆண்கள் பக்கம் என் நைனா தரையைப் பார்த்தபடி நின்றார். வரிசையைச் சரிசெய்துகொண்டு வந்த உபதேசியார் மனைவி, "உங்கம்மா எங்கடி?" என்று கேட்டார்.

"நீங்கதானே நாறுதுன்னு சொன்னீங்கோ. அதான் வர்ல."

அவர் முகம் எப்படியோ போயிற்று. சாமியாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மணலில் விறுவிறுவென்று நடந்தார்.

கரையில் நடந்ததை அம்மா பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் வந்து கையைப் பிடித்து இழுத்தாராம். "கூடைய உட்டுட்டு எப்டி வர்றது? காக்கா தின்னுடும்" என்று அம்மா முறுக்கிக்கொண்டாளாம். அவர் குனிந்து, கூடையைத் தூக்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாராம். "ஐயோ, பொடவைம்மா, பொடவை!" என்று அம்மாதான் பதறினாளாம்.

கூடையோடு உள்ளேயே வந்துவிட்டார். மீன்தண்ணீர் நெற்றியில் வழிந்து புடவையில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் மீன்காரப் பெண்கள் அத்தனை பேரும். சாமியார் பாட்டை எடுத்தார். கூரை ஓலை பறந்துவிடும்போல இருந்தது. உபதேசியார் மனைவி அம்மாவோடு தோள் ஒட்டி நின்று பாடினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாய் போதவில்லை.

அன்று அந்தப் பாட்டின் நடுவே அம்மாவின் ஈரக்கை என் தோளில் விழுந்தது. சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நைனா துடைத்துக்கொண்டார், உபதேசியார் மனைவியும் அழுதார். இந்தப் பெரியவர்களுக்கெல்லாம் என்ன வந்துவிட்டது என்று எனக்கு விளங்கவே இல்லை. வெள்ளைக் கவுனில் ஒரு மீன்செதில் ஒட்டிக்கொண்டதே, அதை எப்படி எடுப்பது என்பதுதான் பூசை முடியும்வரை என் யோசனை.