எழுத்து வாசிப்பவர்

"ஒரு ரோடு. மழை பேஞ்சி நின்னுருக்கு. ஒரு ஆளு சைக்கிள தள்ளிக்கிட்டு வர்றான். நம்ம வயசுதான் இருக்கும்" என்கிறார் குணசீலன், தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி. கைபேசி பிஸ்கட் டப்பாவின்மேல் சாய்ந்து நிற்கிறது. ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. மறுமுனையில், பெர்த் நகரத்தில், காலை பதினொன்று. அங்கே மகள் யுவனேஸ்வரியின் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் மனைவி பங்கஜம் படம் 'பார்க்கிறார்'.

"தொப்பி போட்டுருக்கானா?"

"இல்ல. முன்னால வழுக்க."

"உங்கள மாதிரியா?"

"எனக்கு இன்னும் முடி இருக்கு லா. பேசாம கேளு. வீட்டுக்குள்ள போறான்."

ஜப்பானியப் படம். கையால் வரைந்தது, ஆனால் குழந்தைகளுக்கானதல்ல. பேய் இல்லை, பறக்கும் இயந்திரம் இல்லை. குழாய் சொட்டுகிறது. ஒரு பெண் கணவனின் காலுறைகளை ஜோடி சேர்த்து மடிக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட படங்கள்தான் பங்கஜத்துக்குப் பிடிக்கும். "மனுஷங்க நடிச்சா நடிக்கிறது தெரிஞ்சிருதுங்க. வரைஞ்சா தெரியல" என்று என்றைக்கோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் குணசீலன் சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போய், பெரியவர்களின் கதையாக, வரைந்த படமாக ஒன்று வேண்டும் என்று கேட்டு நிற்பார். முதல் முறை அங்கிருந்த பெண் அவரைச் சிறுவர் பகுதிக்கு அழைத்துப்போய், முயல் பொம்மைகளுக்கு நடுவே விட்டுவிட்டாள். இப்போது அவளே தேடி எடுத்து வைக்கிறாள்.

மலேசியாவில், தைப்பிங்கில் இருந்த காலத்தில் இந்த வேலைக்குத் தேவை இருக்கவில்லை. தொலைக்காட்சியில் ஹாங்காங் தொடர்கள் ஓடும், அடியில் மலாய் எழுத்து வரும். பங்கஜம் அவரைவிட வேகமாகப் படித்துவிட்டு, அவருக்கு முன்னால் சிரித்துவிடுவார். நியூசிலாந்துக்கு வந்தபின் எழுத்து ஆங்கிலமாயிற்று. கடையில், பேருந்தில் பேசுகிற அளவுக்குப் பங்கஜத்துக்கு ஆங்கிலம் வந்தது. திரையின் எழுத்து மட்டும் கைக்கு எட்டவில்லை. "படிக்கிறதுக்குள்ள ஓடிப்போயிருது" என்றார். அன்றைக்கு அதைத் தமிழில் வாசிக்கத் தொடங்கியவர் குணசீலன். அதற்கு இப்போது இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவர் வாசிப்பில் ஏற்ற இறக்கம் கிடையாது. காதலனும் காவல்காரனும் ஒரே குரல்தான். ஆனால் எந்த நாட்டுப் பெண்ணானாலும் புருஷனை 'என்னாங்க' என்றுதான் கூப்பிடுவாள். எந்த ஊர்க்காரர்களானாலும் வீட்டுக்கு வந்தவரிடம் 'பசியாறிட்டீங்களா' என்றுதான் விசாரிப்பார்கள். ஒருமுறை இருவரும் திரையரங்குக்குப் போனார்கள். பத்தாவது நிமிடத்தில் முன்வரிசை அம்மாள் திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். குணசீலன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனைவியின் காதுக்குள் வாசித்தார். அந்த அம்மாள் மறுபடி திரும்பினாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் பங்கஜம் கேட்டார்: "மிச்சத்த இப்ப சொல்லுங்க, என்னா ஆச்சு?" பார்க்காத மிச்சத்தை வீடு வரும்வரை அவரே கட்டிச் சொன்னார். அதன்பின் அவர்கள் திரையரங்குக்குப் போகவில்லை.

குணசீலனுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. நகரத்தின் நடுவிலுள்ள உயர்ந்த கட்டடங்களில், ஆட்களை இறக்கிவிட்டு, கதவில் அறிவிப்பு மாட்டிவிட்டுத் தனியாக மேலும் கீழும் போய்வருவார். ஒவ்வொரு லிஃப்டிலும் அவசரத் தொலைபேசியை அழுத்திச் சோதிக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு குரல், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கும். "இல்லை, சோதனைதான். எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த லிஃப்டுக்குப் போவார். நாளைக்கு ஏழெட்டு முறை. சில நாள்களில் அந்த ஏழெட்டுதான் அவருடைய மொத்தப் பேச்சு.

பங்கஜம் மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனார். குழந்தை இப்போது ஓடுகிறது. இது இரண்டாவது குளிர்காலம். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போகட்டுமா என்று பங்கஜமும் கேட்கவில்லை. கைபேசியிலேயே படத்தைக் காட்டலாம் என்று குணசீலன் முயன்று பார்த்தார். நின்று நின்று ஓடியது. "வேணாங்க, தல வலிக்குது. நீங்க சொல்லுங்க, போதும்" என்றுவிட்டார் பங்கஜம்.

பக்கத்து வீட்டு மரியநாயகி இலங்கை, மன்னார்க்காரி. வேலிக்கு மேலாக எதையும் கேட்டுவிடுவார்.

"அண்ணை, இந்த வயசில காட்டூன் பாக்கிறியளாம். அக்கா எப்ப வாறா?"

"அடுத்த மாசம்."

"போன வருசமும் உதைத்தானே சொன்னியள். வா எண்டு வாய் துறந்து கேட்டனியளோ?"

குணசீலன் கொடியில் மாட்டிய சட்டையின் தோளை இழுத்துச் சரிசெய்தார். "கேட்டா வந்துருவா லா. கேட்டு வந்தா, நான் கூப்புட்டதுக்கு வந்ததா ஆயிரும். அவளா வரணும்."

"நல்ல கதை. அவவும் அங்க இதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறாவோ தெரியாது" என்றார் மரியநாயகி.

அது வியாழக்கிழமை. இன்றைக்கு ஞாயிறு.

படத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. காலுறை மடித்த பெண் வேறு ஊரில் கடை வைத்திருக்கும் தன் அக்காவுக்கு ஒத்தாசைக்குப் போகிறாள். சைக்கிள்காரர் பேருந்து நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கி வருகிறார். மறுபடி மழை. நிறுத்தத்தின் தகரக் கூரையில் ஒவ்வொரு துளியையும் யாரோ பொறுமையாக வரைந்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் நிக்கிறாங்க. பஸ்ஸு தூரத்துல வருது. அவன் அவ மூஞ்சிய பாக்கல, ரோட்ட பாக்கிறான்."

"பேச மாட்டானா?"

பேசுகிறான். குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறான். திரையின் அடியில் அதுதான் வெள்ளை எழுத்தில் நிற்கிறது. குணசீலன் அதைப் படிக்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"'எப்ப திரும்பி வருவே? நீ இல்லாம வீட்டுல இருக்க முடியல' அப்படிங்கிறான்."

மறுமுனையில் கத்தி பலகையில் படும் சத்தம் நிற்கிறது.

"ரெண்டு வார்த்த சொன்ன மாதிரிதான கேட்டுச்சி?"

"ஜப்பான்காரன் பேச்சு அப்படித்தான் லா. சின்னதா சொல்லுவான், உள்ள நெறையா இருக்கும்."

"அந்த ஆளா கேட்டான்?"

"ஆமா. எழுத்துல அப்படித்தான் போட்டுருக்கு."

பெர்த்தில் குழந்தை சிணுங்குகிறது. யுவனேஸ்வரி ஏதோ ஆங்கிலத்தில் கூப்பிடுகிறாள். "நீயே தூக்குடி, படம் ஓடுதுல்ல" என்கிறார் பங்கஜம். ஒரு கதவு சாத்தப்படுகிறது. பிறகு குரல் கைபேசிக்கு மிகப் பக்கத்தில் வருகிறது.

"என்னாங்க. அதுக்கு அவ என்னா சொன்னா?"

திரையில் அந்தப் பெண் முகத்தைத் திருப்புகிறாள். வாய் திறக்கிறது. குணசீலன் பொத்தானை அழுத்துகிறார். மழை அப்படியே நின்றுவிடுகிறது. எழுந்து தொலைக்காட்சியை நெருங்கி, எழுத்து வந்திருக்கும் இடத்தின்மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்து மறைக்கிறார்.

"எழுத்து இன்னும் வரலம்மா" என்கிறார், கையை எடுக்காமல், கைபேசியின் பக்கம் தலையைத் திருப்பி.