அண்ணிக்கு மாற்று ஆள்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால், முதலில் அவள் குறைகளைச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வருவேன். பிடிவாதக்காரி. அடுத்தவர் கை வேலை எதுவும் அவளுக்குப் பிடிக்காது. நான் காய் நறுக்கினால் துண்டு பெரிதாக இருக்கும், வீடு பெருக்கினால் மூலையில் தூசி இருக்கும், துணி மடித்தால் அவள் பிரித்து மறுபடியும் மடிப்பாள். "என் கை பட்டாத்தான் சரியா வருது, நான் என்ன பண்ண?" என்று அலுத்துக்கொள்வதைப் போலப் பெருமையடித்துக்கொள்வாள்.

கல்யாணம் சரிப்படாமல் நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று அவள் வாய் திறந்து 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். நான் செக்கிங் மேசையில். தைத்து வரும் துண்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, கோணலாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பிறவியிலேயே குற்றம் கண்டுபிடிக்கிற எனக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அண்ணிக்கோ இந்த வேலை என்று ஒன்று இல்லை. அவள் மாற்று ஆள். காலர், கை, பட்டன் துளை, எந்த மிஷின்காரி எழுந்து போனாலும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவள் திரும்பி வரும்வரை தைப்பாள்.

அப்படி ஒரு வேலை முன்பு இருக்கவில்லை. அதைக் கேட்டு வாங்கியது கம்பெனி நர்ஸ். முதல் தடவை சுகர் பரிசோதனை வைத்தபோது எங்கள் தையல் ஹாலிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஆபீஸ் ஆட்கள்தான் வரிசையில் நின்று விரலைக் காட்டினார்கள். "தைக்கிறவங்களுக்கு அக்கறையே இல்லையே" என்று மேனேஜர் சொன்னாராம். நர்ஸ் விடவில்லை. "அக்கறை இருக்கு சார், நடந்து வரக் காலும் இருக்கு. அவங்க எழுந்தா அந்த நாற்காலியில உட்காரத்தான் ஆள் இல்ல" என்றாள். ஒருத்தி எழுந்தால் துண்டுகள் அவளிடம் குவிந்துவிடும், அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், லைனே நின்றுவிடும். கடைசியில் மேனேஜர் ஒரே ஒரு மாற்று ஆளைக் கொடுத்தார். எல்லா மிஷினும் தெரிந்தவள் என் அண்ணி மட்டும்தான்.

அதன்பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இருப்பதே தெரியாமல் இருந்த சுகர் பல பேருக்குத் தெரிந்தது. காலர் தைக்கிற அக்காவுக்குக் கால் விரலில் புண். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலையே எடுத்திருப்பார்கள் என்று நர்ஸ் சொன்னாள். இப்போது அந்த அக்கா முறை வைத்துப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருகிறாள்.

எல்லாரையும் அனுப்பிய அண்ணி மட்டும் நர்ஸின் அறைப் பக்கம் போகவில்லை. நர்ஸ் கூப்பிட்டபோதெல்லாம் "வெளியிலயே பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். வெளியில் பார்த்தது உண்மை. ஒன்றும் இல்லை என்றது பொய். காலையில் எங்கள் சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வாள். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அயர்ன் பண்ற அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல?" என்பாள். அவர் ஊசி போடுகிறார் என்று தெரிந்ததும், பாதுகாப்புக்காக என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "என்னையும் அனுப்பிடுவாங்க. நான் போயிட்டா அந்த நாற்காலிக்கு யாரு? காலர் அக்கா கட்டு மாத்தப் போவாளா? வாயத் திறந்தே, உன்கூடப் பேசவே மாட்டேன்." நான் தலையாட்டி வைத்தேன்.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை ஆர்டர். கண்டெய்னர் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து கையைத் தட்டினார்.

"இந்த லாட் சட்டை முடிஞ்சப்புறம்தான் சாப்பாடு. கொஞ்சம் ஒத்துழைங்க."

காலையில் ஊசி போட்டுக்கொண்டவள் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். கட்டு மாற்றப் போன காலர் அக்காவின் மிஷினில்தான் அண்ணி அப்போது உட்கார்ந்திருந்தாள். என் மேசைக்கு அடுத்த மிஷின். நான் அவளைப் பார்த்தேன். அவள் 'சும்மா இரு' என்று கண்ணாலேயே அடக்கிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவள் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. பை வெளியே லாக்கரில் இருந்தது. லாக்கர் சாவி அவள் கழுத்துக் கயிற்றில். ஹாலுக்குள் தின்பண்டம் எதையும் கொண்டுவரக் கூடாது, வெள்ளைத் துணியில் கறை பட்டால் அவ்வளவுதான். தண்ணீரே கதவுக்கு வெளியேதான்.

துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. அண்ணி தைத்த காலரை நான் பெயருக்குப் பார்த்துத் தள்ளுவதுதான் வழக்கம். ஓரத்தையொட்டிப் போகும் மேல்தையல் அவள் கையில் கோடு போட்ட மாதிரி இருக்கும். எத்தனையோ நாள் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டிவிட வேண்டும் என்று வீட்டுச் சண்டையை மனதில் வைத்துத் தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. அன்று ஒரு காலரைக் கையில் எடுத்தேன். தையல் ஓரத்தைவிட்டு உள்ளே இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. அடுத்ததில் முனை திரும்பவே இல்லை, தையல் துணியைத் தாண்டி வெளியே போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் மேலுதட்டில் வியர்வை. கழுத்து முழுக்க நனைந்திருந்தது. விரல்கள் ஊசிக்கு மிக அருகில் இருந்தன, அவை நடுங்கின.

"அண்ணி, எழுந்திரிங்க."

"லாட் முடியட்டும்."

"சுகர் இறங்குது அண்ணி. போய்ச் சாப்பிடுங்க."

"அவ வந்துருவா. வர்ற வரைக்கும்... நாற்காலி..." வார்த்தை குழறியது. என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யார் என்று யோசிப்பதைப் போலப் பார்த்தாள். மிதிப்பலகையில் அவள் கால் அழுந்தியே இருந்தது, மிஷின் துணியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விரல் இன்னும் முன்னால் நகர்ந்தது.

நான் மேசைக்கு அடியில் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தேன். ஓடுகிற மிஷினை அணைப்பது எங்கள் ஹாலில் சாதாரணக் காரியம் இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி என் கையைத் தட்டிவிட்டு ஸ்விட்சைத் தேடினாள். "பிடிச்சுக்கங்க, விழுந்துருவாங்க" என்று பட்டன் துளைக்காரியிடம் சொல்லிவிட்டு, கயிற்றிலிருந்து சாவியை எடுக்கப் பார்த்தேன். அது அவள் ரவிக்கைக்குள் சிக்கிக்கொண்டு வரவில்லை. நர்ஸின் அறை அடுத்த கட்டிடத்தில். ஓடிப் போய் வருவதற்குள் என்ன ஆகுமோ என்று நினைத்தபோது என் கால்கள் தாமாகவே திரும்பின.

கண்ணாடி அறைக்குள் போனேன். மேனேஜருக்கும் சுகர் உண்டு. அது ஊரறிந்த ரகசியம். திடீரென்று இறங்கினால் குடிக்க ஜூஸும் பிஸ்கட்டும் அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். கண்ணாடி வழியாக அவர் குடிப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஜூஸை எடுத்தேன். அவர் "ஏய், ஏய்" என்று எழுவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

"குடிங்க அண்ணி."

வாயை இறுக்கிக்கொண்டாள். "கறை படும்" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குத் துணி. நான் அவள் மோவாயைப் பிடித்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஸ்ட்ராவை வாயில் வைத்தேன். ஒரு வாய் உறிஞ்சினாள். அடுத்த வாயில் கையை வீசினாள், ஆரஞ்சு நிறம் வெள்ளைக் காலர் கட்டு மேலெல்லாம் கொட்டியது. மிச்சத்தைப் பிழிந்து பிழிந்து குடிக்க வைத்தேன். செத்துவிடாதே என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

யாரோ சொல்லி நர்ஸ் சுகர் பார்க்கும் கருவியோடு ஓடி வந்தாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் இன்னொரு ஜூஸ் கேட்டாள். அதை மேனேஜரே எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முதலில் காலர் கட்டைப் பார்த்தாள், பிறகு என்னை. "சொல்லிட்டியா?" என்றாள்.

சாப்பிட வைத்தபிறகு நர்ஸின் அறையில் பஞ்சாயத்து. மேனேஜர் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஊசி போடுறவங்களை மிஷின்ல உட்கார வைக்க முடியாதும்மா. விரல்ல ஊசி இறங்கியிருந்தா யாரு பொறுப்பு? வீட்ல ரெஸ்ட் எடுங்க. மாற்று ஆள் ஏற்பாட்டையும் இதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், உங்களுக்கும் இறங்கும்னுதானே இழுப்பறையில ஜூஸ் வச்சிருக்கீங்க? நீங்க கார் ஓட்டிக்கிட்டுதானே வீட்டுக்குப் போறீங்க? உங்களை யாராவது ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களா?"

என் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். நர்ஸ் நிதானமாகப் பேசினாள்.

"அவங்க சுகரால விழல சார். நீங்க சாப்பாட்டைத் தள்ளிவச்சதால விழுந்தாங்க. தப்பு என் பக்கமும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில வச்சு அதைத் திட்டம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவங்க எழுந்தா உட்காரவும் ஒரு ஆள் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல. ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கத்து மிஷின்காரி ஒருத்தி கத்துக்கட்டும். ஊசி போடுறவங்களுக்குச் சாப்பாட்டு நேரம் எதுக்காகவும் மாறக் கூடாது. லைனுக்கு ஒரு பெட்டியில குளுக்கோஸ் இருக்கட்டும்."

"கறை?"

"குளுக்கோஸ் மாத்திரையா வருது சார். கறை படாது."

மேனேஜர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "அடுத்த ஷிப்மென்ட் வரைக்கும் பார்ப்போம்" என்றார். "அன்னிக்கு லைன் நின்னுச்சுன்னா எல்லாம் நின்னுரும். அந்த அயர்ன் பண்றவரையும் வரச் சொல்லுங்க, அவருக்கும் இதே கணக்கு." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ஒரு மிஷின் கத்துக்க. வாய் மட்டும் ஓடுனா பத்தாது" என்றார்.

வீட்டில் அண்ணி சொன்னபடியே என்னோடு பேசவில்லை. அண்ணன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அண்ணி உப்பு கேட்கிறா", "உன் நாத்தனார் தர மாட்டேங்கிறா" என்று தபால்காரன் வேலை பார்த்தார். பிறகு ஒருநாள் வேலை முடிந்ததும் அண்ணி என் தோளைப் பிடித்துக் காலர் மிஷினில் உட்கார வைத்தாள். கறை பட்ட காலர்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அவற்றில்தான் நான் தையல் பழகினேன். அவள் என் செக்கிங் மேசையில் உட்கார்ந்து, நான் தைத்தது ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினாள். ஒட்டும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "இது தையலா, பாம்பா?" இத்தனை வருட வீட்டுச் சண்டைக்கெல்லாம் சேர்த்து வசூலித்துவிட்டாள்.

ஹாலில் மற்றவர்களும் பழகினார்கள். பட்டன் துளைக்காரி கை தைக்கக் கற்றாள், கைக்காரி பட்டன் துளை. நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். சண்டை நிறைய வந்தது.

அடுத்த ஷிப்மென்ட்டும் வெள்ளைதான். லாரி வந்து நின்றது. மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலர் அக்கா கட்டு மாற்றப் போயிருந்தாள், அவள் நாற்காலியில் அண்ணி. சாப்பாட்டு நேரம் வந்ததும் நர்ஸ் கதவருகில் வந்து நின்றாள். என் மேசையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு நான் அண்ணியின் பின்னால் போய் நின்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த காலரை முடித்தாள். அடுத்ததையும் எடுத்தாள்.

"அண்ணி."

"இந்த ஒண்ணு."

"எழுந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒரு காலரை ஊசிக்குக் கீழே வைத்து மிதித்தேன். அவள் நகராமல் என் தலைக்கு மேலேயே நின்றாள். முடித்து எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முனை கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. அவள் கை என் மேசையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நோக்கிப் போனது. ஒரு காலத்தில் அந்த ஒரு முனைக்காக அவள் சாப்பாட்டையே மறந்திருப்பாள்.

"கோணல்தான்" என்றாள். ஸ்டிக்கரை ஒட்டி என் மடியில் போட்டாள். "வந்து பிரிச்சுத் தைக்கிறேன். நீ நிறுத்தாம ஓட்டு."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டே சாப்பிடப் போனாள்.