வடிகட்டி

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத்தான் பார்ப்பார். டயாலிசிஸ் பிரிவில் வரவேற்பு மேசைக்காரர். மறுநாள் வரவேண்டிய நோயாளிகளுக்குச் செல்போனில் நினைவூட்டல் அனுப்புவது இவர் வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் முழுப் பட்டியல் வரும். இறந்தவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

"வாரம் மூணு நாள் பாத்துப் பேசின முகம் சார். தெனமும் என் கையாலயே அழிக்கணும்னா எப்படி?" என்பார். அதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் வீடியோ பார்த்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். பத்தே வரி. குறி இருக்கும் வரியைத் தூக்கு, அடுத்த இடத்துக்குப் போ. அது ஓடிய நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நர்சுகள் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர் வைத்தார்கள். "எனக்கு டீ வடிகட்டவே தெரியாதுன்னு வீட்டுல சொல்லுவா" என்று தானும் சேர்ந்து சிரித்தார்.

மூன்று நாள் முன்பு அடுத்தடுத்த படுக்கைக்காரர்கள் இருவர் போய்ச் சேர்ந்தார்கள். பட்டியலிலும் அடுத்தடுத்த வரி. நிரல் முதலாமவரைத் தூக்கியதும், வரிசையில் நிற்பவர் நகர்வதுபோல இரண்டாமவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். நிரலோ அந்த இடத்தைப் பார்த்தாயிற்று என்று அடுத்ததற்குப் போய்விட்டது. கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்கிற தவறுதான். நேற்று மாலை இரண்டாமவர் எண்ணுக்குச் செய்தி போனது: நாளை காலை எட்டு மணிக்குத் தவறாமல் வரவும்.

இன்று காலை அந்த இரண்டாமவருடைய மகள் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல. அப்பா போனதை எத்தனை தடவை சொன்னாலும் புதுசாக் கேக்கற மாதிரி அழறாங்க. இப்ப உங்க மெசேஜைப் பாத்துட்டு அவர் சட்டைய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னால இன்னொரு தடவை முடியாது சார். நீங்களே சொல்லுங்க."

வடிகட்டி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"தம்பி, அவரு குளிச்சிட்டிருக்காரு. பத்து நிமிஷத்துல கெளம்பிடுவோம்."

"இன்னைக்கு மெஷின் ரிப்பேரும்மா. அவரை வர வேணாம்னு சொல்லிடுங்க."

"அப்ப என்னைக்குக் கூட்டிட்டு வரட்டும்?"

"நாங்களே மெசேஜ் அனுப்பறோம்மா."

"மறந்துடாதப்பா. அவருக்கு நாள் தள்ளினா மூச்சு வாங்கும்."

அந்த அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வடிகட்டி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்றபடி, பட்டியலில் அவர் கணவரின் பெயரைத் தேடிப் பிடித்து, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.