ஆறு மைக்கிலும் ஒரே தட்டு

இதைப் படித்துவிட்டு 'கதை நல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது கதை இல்லை. போன வைகாசியில் எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, நல்ல உச்சி வெயிலில்.

என் பெயர் சங்கரபாண்டியன். பாளையம்பட்டியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். பெரிய மிக்சர் கிடையாது. இரண்டிரண்டு மைக் செருகும் சவுண்டு கார்டு மூன்று. பழைய லேப்டாப் ஒன்று. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ்.

மூன்று கார்டுக்கும் சேர்த்து ஆறு மைக். கணக்கு சரிதான். ஆனால் ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூன்றும் மூன்று வேகத்தில் ஓடும். தொடங்கும்போது சேர்ந்திருக்கும் குரல்கள், போகப் போக ஒன்றையொன்று விட்டு விலகும்.

அதனால்தான் எனக்கு அந்த அவமானம். நாகஜோதி அக்காவின் கும்மிக் குழுவுக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்தேன். அவர்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு மைக் செட்டில் போட்டார்கள். பாதிப் பாட்டுக்கு மேல் குரல்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஊரே சிரித்தது.

மறுநாள் காலையில் அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார்.

"எங்களுக்குத் தாளமே தெரியலைன்னு பேசுறாகய்யா. உன் மிஷினு அடிச்ச கூத்துக்கு நாங்க தலை குனியணுமா? வர்ற முளைப்பாரித் திருவிழாவுக்குள்ள ஒழுங்காப் பதிஞ்சு குடு. இல்ல, இந்தக் கடையை இழுத்து மூடு."

என்மேலேயே எனக்கு ஆத்திரம். ஒரு வாரம் அதே வேலையாக உட்கார்ந்தேன். ஒரு கார்டின் கடிகாரத்தைத் தலைவனாக வைத்து, மற்ற இரண்டையும் அதன் பின்னால் ஓட வைக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு வழி உண்டு. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். லேப்டாப்பைச் சுவரில் எறியலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் பணிந்தது.

என் ரூமைச் சுற்றித் தறிச் சத்தமும் பஸ் சத்தமும். அதனால் பரளச்சிப் பக்கம், காட்டுக்கு நடுவே கிடந்த மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை ஒருநாள் மட்டும் கேட்டு வாங்கினேன். கனத்த சுவர். ஒரே கதவு. பத்து வருடமாகக் காலி. ஒட்டியே கிட்டங்கிக்காரர் வீடு. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

கும்மிக் குழுவின் ஆறு பெண்களையும் வரிசையாக நிறுத்தினேன். ஒன்றாவது மைக், வாசலில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில். ஆறாவது, உள்சுவர் ஓரம். ஹெட்போன் என் காதில் மட்டும்.

கூட வந்த நண்பன் வெள்ளத்துரை வாசலில் நின்று ஒருமுறை கை தட்ட வேண்டும். அந்தத் தட்டு, திரையில் மைக்குக்கு ஒன்றாக ஓடும் ஆறு கோட்டிலும் கூராக விழும். கடிகாரங்கள் சேர்ந்து ஓடுகின்றனவா என்று அதை வைத்துத்தான் பார்ப்பேன். முதல் மைக்கில் முதலில் விழும். ஆறாவதில் மயிரிழை தள்ளி விழும். சத்தம் அவ்வளவு தூரம் போக வேண்டுமே.

வெள்ளத்துரை தட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து, ஹெட்போனில் இன்னொரு தட்டு. டப்...

"யாருக்கா தட்டுனது? நான் சொல்றதுக்குள்ள என்ன அவசரம்?"

"யாரும் தட்டலைய்யா."

"எனக்குக் கேட்டுச்சு."

"எங்களுக்குக் கேக்கலையே!" நாகஜோதி அக்கா குரல் ஏறியது. "உன் மிஷினைக் கேளு."

மறுபடி. இந்தத் தடவை பெண்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வெள்ளத்துரை தட்டினான். நான் பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்...

ஒரு கைகூட அசையவில்லை.

"ஏலே, விளையாடுறியா?"

"ஒரு தட்டுதாம்லே தட்டுனேன். வேற ஒண்ணும் கேக்கல."

நிறுத்திவிட்டுத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளத்துரையின் தட்டு ஒவ்வொரு மைக்கிலும் மயிரிழை மயிரிழையாகத் தள்ளி விழுந்திருந்தது. சரி. அந்த இன்னொரு தட்டு...

ஆறிலும் ஒரே இடம்.

வாசலிலும் உள்சுவரிலும் ஒரே கணத்தில் ஒரு சத்தம் போய்ச் சேர முடியாது. அப்படிச் சேர வேண்டுமென்றால், அது ஆறு மைக்குக்கும் பக்கத்திலேயே இருந்து வந்திருக்க வேண்டும்.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு வார உழைப்பு. இரண்டாவது தடவையும் அசிங்கப்பட வேண்டுமா? எல்லோரையும் வெளியே வேம்படிக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம்.

பதிவை ஓடவிட்டு, நானே ஒரு தட்டு தட்டினேன்.

காத்திருந்தேன்.

டப்...

முன்னைவிடச் சத்தமாக.

"எவன்டா அது?" என்று கத்தினேன். "ஒளிஞ்சு நின்னு தட்டாத. ஆம்பளையா இருந்தா கிட்ட வாடா!"

தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம் மட்டும்.

அப்புறம், டப்.

திரையில் ஆறாவது கோடு மட்டும் துள்ளியது. மற்ற ஐந்தும் அசையவில்லை.

டப்.

ஐந்தாவது.

டப்.

நான்கு.

நிமிர்ந்து பார்த்தேன். வெறும் தரை. யாரும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. மாட்டினேன்.

டப். மூன்று.

கண் எரிய ஆரம்பித்தது. வத்தல் நெடி. பத்து வருடம் காலியாகக் கிடந்த கிட்டங்கியில்...

டப். இரண்டு.

ஒன்றாவது மைக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

தட்டு வரவில்லை.

ஹெட்போனில் ஒரு மூச்சு வந்தது. வறண்ட தொண்டையில் இழுத்து இழுத்து...

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக் வயர்களைப் பிடுங்கினேன். லேப்டாப்பைக் கார்டுகளோடு அப்படியே மூடிப் பைக்குள் திணித்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன்.

"மறுபடியும் ஏமாத்துறியா?" என்று நாகஜோதி அக்கா கத்தினார். நான் வெள்ளத்துரையை இழுத்துக்கொண்டு பைக்குக்கு ஓடினேன். கிட்டங்கிக்காரர் அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். மூடினாலும் தூங்காதபடி அதை வைத்திருப்பேன். பதிவு நிற்கவே இல்லை. மைக் பிடுங்கிய இடத்துக்குப் பிறகு ஆறு கோடும் செத்துப்போய் நேராகக் கிடந்தன. மைக்கே இல்லையே, என்ன கேட்கும்?

பதிவை ஓட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். அருப்புக்கோட்டை ரோட்டில் நாங்கள் வண்டியில் வந்துகொண்டிருந்த நேரத்துப் பதிவு.

டப். டப்.

இரண்டு தட்டு. ஆறு கோட்டிலும் ஒரே இடம்.

நாகஜோதி அக்கா பாட்டை அடுத்த வாரம் அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வைத்துப் பதிந்தோம். குரல் விலகவில்லை. முளைப்பாரியன்று ஊர் வாயடைத்துக் கேட்டது. அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. வெள்ளத்துரைதான் விசாரித்துக்கொண்டு வந்தான். திருச்சுழியில் தங்கமாரி என்று ஒரு அம்மா, ஆபீஸ் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. அவருடைய வீட்டுக்காரர் சோணைமுத்து அந்தக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினவர். போய்ப் பார்த்தோம்.

"அவுகளுக்குப் பெறவியிலேயே பேச்சு வராதுய்யா," என்றார் தங்கமாரி. "பத்து வருசத்துக்கு முந்தி, தீவாளிக்கு முந்தின நாளு. காய்ச்சல்ல மூட்டைக்குப் பின்னால படுத்திருக்காக. உள்ள ஆளு இருக்கான்னு பாக்காமக் கிட்டங்கிக்காரரு பூட்டிட்டாரு. நான் மக வீட்டுக்குப் போயிருந்தேன். மூணு நா. வத்தல் நெடி. குடிக்கத் தண்ணி கெடையாது. தட்டிக்கிட்டே கெடந்து உசுர விட்டிருக்காக."

"பக்கத்திலேயே வீடு இருக்கே?"

"கேட்டுருக்கு. வீட்டுல எல்லாருக்கும் கேட்டுருக்கு." அவர் அழவில்லை. பல்லைக் கடித்தார். "யாரோ பொம்பளைக கும்மி அடிக்கிறாகன்னு நெனச்சோம்னு போலீஸுல சொன்னாரு. அதையும் எழுதிக்கிட்டாக. நல்லா இருக்காரு. சாவியை எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டு."

அந்த ஆள் வாசலில் நின்று பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அந்தக் கதவை உடைத்து அவரை உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும்போல இருந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எத்தனை தட்டுய்யா?"

"ஒண்ணு ஒண்ணாத்தாம்மா."

"ஒண்ணுன்னா 'இங்கன இருக்கேன்'. வீட்டுல அப்படித்தேன் கூப்புடுவாக. நானும் ஒண்ணு தட்டுவேன்."

"கடைசியா மட்டும் ரெண்டு தட்டுனாரு."

தங்கமாரி என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டுன்னா 'வாரேன்'யா. நீ முன்னால போ, பின்னாலயே வாரேன்னு அர்த்தம்."

கிட்டங்கியிலிருந்து திரும்பிய அன்று பைக்கை ஓட்டியவன் வெள்ளத்துரை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் பை என் முதுகில் இருந்தது.