மங்களத்துக்குப் பிறகு வைத்த பாட்டு

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார். இன்று காலை, சேலத்தில்... மகள் ஸ்டெல்லா போன் செய்தாள்.

அழ வேண்டியவன் கோபத்தில் டைப் செய்துகொண்டிருக்கிறேன். அறுபதுகளில் நாங்கள் இருந்த சங்கீத மன்றத்தின் செக்ரட்டரி மகன், அதற்குள் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்: "நமது மன்றத்தின் தூண் சாய்ந்தது."

தூணாம்! அந்தத் தூணை வெளியே தள்ளியதே உங்கள் அப்பாதானே தம்பி?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்றம் தொடங்கியதே நம் காலத்துப் புதுக் கீர்த்தனைகளை மேடையேற்றத்தான். நோட்டீஸிலேயே அப்படித்தான் அச்சடிப்பார்கள். அண்ணன் வயலின், நான் மிருதங்கம். புதுக் கீர்த்தனைகளை எழுதி மெட்டுப் போட்டதும் அண்ணன்தான்.

ஆனால் எதை எப்போது பாடுவது என்பது செக்ரட்டரி கையில். அண்ணன் பாட்டை எப்போதும் மங்களத்துக்குப் பிறகு வைப்பார். மங்களம் பாடினால் கச்சேரி முடிந்தது, கூட்டம் செருப்பைத் தேடும்... நாங்கள் காலி நாற்காலிகளுக்கு வாசிப்போம்.

ஒருநாள் சண்டைக்கே போனேன். "பெரிய வித்வான்க பாட்டுக்கு நடுவுல சர்ச் வயலின்காரன் பாட்டை எப்படிய்யா வெக்கிறது?" என்றார். இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் பரமத்தி வேலூர் கச்சேரி. பாடகர் மங்களம் தொடங்கியதும் அண்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டார். நானும் கையை எடுத்துவிட்டேன்.

செக்ரட்டரி மேடையோரம் ஓடிவந்தார். "அபசகுனம் பண்ணாதய்யா, வாசி!"

"எம்பாட்டு மொதல்ல முடியட்டுங்க. அப்பறம் வாசிக்கறனுங்க." குரலைக்கூட உயர்த்தவில்லை அண்ணன்.

முன்வரிசையில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் எழுந்தார். "ஏனுங்க, புதுப் பாட்டுன்னு நோட்டீஸப் பாத்துத்தானுங்க வந்தோம். அதை மொதல்ல பாடுங்க!"

பாடகர் பாடினார். காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைப் பற்றிய பாட்டு. முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மங்களத்துக்கு வாசித்தார்.

அடுத்த கூட்டத்திலேயே அவரை நீக்கினார்கள். மங்களத்தை அவமதித்தாராம்! நானும் விலகினேன். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்தப் பாட்டு ஏறவில்லை... இதை மறந்துவிட்டுத் தூண் என்று லைக் போட வேண்டுமா? என்னால் முடியாது.

மாலையோடு வருகிறவர்கள் நேரத்துக்கு வந்துவிடுங்கள். நாளைக் காலை வீட்டில், ஜெபத்துக்கு முன்னால், ஸ்டெல்லா வயலின், நான் மிருதங்கம். ஃபாதரிடம் கேட்டுவிட்டோம்.

மொதல்ல உங்க பாட்டுத்தானுங்கண்ணா. மத்ததெல்லாம் அப்பறம். போய்ட்டு வாங்க சாமி...